கிரிஸ்டல் மாற்றிய அனுபவம்

கோலாலம்பூரின் புடுவில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தபோது, ஓய்வுபெற்ற நிருபர் ஒருவர் தன் மாடல் 100 மடிக்கணினியைக் கொண்டுவந்தார். டேண்டி நிறுவனம் 1983-இல் அதை விற்பனைக்கு விட்டது. நான்கு டபுள் ஏ பேட்டரி, எட்டு வரித் திரை, அருமையான விசைப்பலகை.

"தம்பி, நீளமான கட்டுரையில மேலே ஒரு வார்த்தை சேர்த்தா, எழுத்து வர்றதுக்குள்ள யோசனையே போயிடுது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நடுவில் ஓர் எழுத்தை நுழைத்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் நினைவகத்தில் ஓரிடம் தள்ள வேண்டும். அதைச் செய்வது கணினியின் மூளையான 80சி85 சிப். அதன் வேகமோ வெறும் 2.4576 மெகாஹெர்ட்ஸ். சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் சின்னப் பாகம்தான் கிரிஸ்டல். போர்டில் இருப்பது 4.9152 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். சிப் அதைப் பாதியாக்கிக்கொள்ளும். மின்னணுப் பாகங்கள் விற்கும் ஜாலான் பசாருக்கு நடந்துபோய் 7.3728 கிரிஸ்டல் ஒன்று வாங்கிவந்தேன். சிப்பையும் 5 மெகாஹெர்ட்ஸ் தாங்கும் வகையாக மாற்றினேன். வேகம் ஒன்றரை மடங்கு. இரண்டு மடங்கும் முயன்றேன், திரையில் எழுத்துகள் சிதறின, விட்டுவிட்டேன்.

ஐயா மகிழ்ச்சியோடு எடுத்துப்போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். கேபிள் வழியாக வீட்டுக் கணினிக்கு அனுப்பினால் குப்பை எழுத்துகள். கேசட்டில் ஒலியாகச் சேமித்து வைத்திருந்த பழைய பேட்டிகளும் கணினியில் ஏறவில்லை.

தப்பு என்னுடையது. அந்தக் கேபிள் செருகும் சீரியல் போர்ட்டுக்கான துடிப்பையும் அதே கடிகாரத்திலிருந்துதான் இன்னொரு சிப் வகுத்துக் கொடுக்கிறது. அனுப்பும் வேகத்தை நொடிக்கு 9600 பிட் என்று வைத்தால் 14400-இல் ஓடியிருக்கிறது. கேசட்டின் ஒலியை அளப்பதும் சிப்பின் நிரல் வேகம்தான். தேதி, மணி மட்டும் பிசகவில்லை, அதற்குத் தனிக் கிரிஸ்டல் உண்டு. வேலையைத் தொடங்குமுன் சர்க்யூட் வரைபடத்தில் அந்தக் கடிகாரக் கோடு எங்கெல்லாம் போகிறது என்று விரலால் தடவிப் பார்த்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் அதைச் செய்யாமல் நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதே இல்லை.

வீட்டுக் கணினியை 14400-க்கு மாற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேசட்டுகள்? அவற்றில் அவருடைய முப்பது வருட உழைப்பின் ஒரு பகுதி இருந்தது. பழைய கிரிஸ்டலையும் திரும்பப் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன சுவிட்ச் வைத்தேன். ஓடும்போது மாற்றினால் கணினி உறைந்துவிடும் என்பதால், அணைத்துவிட்டு மாற்றப் பழக்கினேன்.

முதலில் மெதுவான பக்கம் தள்ளி, ஒரு கேசட்டை ஏற்றினார். ஏறியது. அணைத்தார், சுவிட்சைத் தள்ளினார், அந்தக் கட்டுரையின் முதல் வரிக்குப் போய் ஒரு வார்த்தை சேர்த்தார்.