கிரீனிச்சில் ஒரு குட்டைச் சட்டை

லண்டனில் கிடைத்தது மூன்றே நாள். அதில் ஒரு முழுக் காலையைக் கிரீனிச்சில் நிற்கும் பழைய பாய்மரக் கப்பலுக்குக் கொடுத்தேன். ரயில் நிலையத்துக்கே அதன் பெயர்தான்: கட்டி சார்க். தெருமுனை திரும்பியதும் கூரைகளுக்கு மேலே மூன்று பாய்மரங்கள் தெரிந்தன.

ஸ்காட்லாந்துப் பேச்சில் அந்தப் பெயருக்குக் குட்டைச் சட்டை என்று பொருள். ‘கட்டி’ என்பதை ‘குட்டி’ என்றே என் காது வாங்கிக்கொண்டது. ராபர்ட் பர்ன்ஸ் கவிதையில் அந்தச் சட்டை அணிந்த சூனியக்காரி, தப்பி ஓடுகிறவனின் குதிரை வாலைப் பிய்த்துவிடுவாள். கப்பலின் முகப்பில் வாலும் கையுமாக நிற்பவள் அவள்தான்.

கப்பல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் நீரில் இறங்கியது 1869 நவம்பர் 22-இல். ஐந்து நாள் முன்னால் சூயஸ் கால்வாயைத் திறந்துவிட்டார்கள். நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்குவழி கிடைத்தது; காற்றை நம்பியவை ஆப்பிரிக்காவைச் சுற்றியே வரவேண்டியிருந்தது. பிறக்கும்போதே அஷ்டமத்துச் சனி!

முதல் பயணத்தில் சாராயமும் பீரும் ஷாங்காய்க்குப் போயின; திரும்பும்போது சுமார் 13 லட்சம் பவுண்டு எடையுள்ள தேயிலை வந்தது. சரக்கறையில் இறங்கியதும் நான் தேடியது அதை எப்படி அடுக்கினார்கள் என்பதைத்தான். அடியில் கூழாங்கல் பரப்பி, அதன்மேல் சீனத் தொழிலாளர்கள் பெட்டிகளை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குவார்களாம். இடைவெளி விட்டால் நடுக்கடலில் சரக்கு நகர்ந்து கப்பலே சாய்ந்துவிடும். மேலே, மாலுமிகளுக்கு நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு. புயல் வந்தால் அந்த ஓய்வும் போயிற்று. நடுப் பாய்மரம் 46 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்ததற்கே எனக்குக் கழுத்து வலித்தது. அவர்கள் இரவிலும் மழையிலும் ஏறினார்கள்.

1872-இல் தெர்மோபிலே என்ற போட்டிக் கப்பலும் இதுவும், யார் முதலில் லண்டன் சேர்வது என்று, ஷாங்காயிலிருந்து ஒன்றாகக் கிளம்பின. இந்தியப் பெருங்கடலில் இது வெகுதூரம் முந்திக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் 15 அன்று புயலில், கப்பலைத் திருப்பும் சுக்கான் பிய்த்துக்கொண்டு போனது. கப்பலில் இருந்த முதலாளியின் சகோதரர், பக்கத்துத் துறைமுகத்துக்கு விடச் சொல்லிச் சத்தம் போட்டார். மூடி என்ற பெயருடைய கேப்டன் அசையவில்லை. தச்சர் ஹென்டர்சன் மேல்தளத்திலேயே உலை மூட்டி, உபரியாக இருந்த மரங்களையும் இரும்பையும் கொண்டு புதுச் சுக்கான் செய்தார். டிக்கெட் இல்லாமல் ஒளிந்து ஏறியிருந்தவர்களில் ஒருவர் கொல்லர், இன்னொருவர் கப்பல் தச்சர். இப்படியொரு அதிர்ஷ்டத்தைக் கதையில் எழுதினால் நம்பமாட்டோம். லண்டனுக்குத் தெர்மோபிலேயைவிட ஒரு வாரம் பிந்திதான் வந்து சேர்ந்தார்கள். இருந்தும் ஊர் பேசியது இவர்களைப் பற்றித்தான். தன்மீது வந்த ஏச்சைப் பொறுக்காத மூடி வேலையை விட்டுவிட்டார்.

தேயிலைக்காக ஓடியது எட்டே பயணம். பெரிய பெயர் பின்னால் ஆஸ்திரேலியக் கம்பளி சுமந்தபோதுதான் வந்தது: கேப்டன் உட்ஜெட் சிட்னியிலிருந்து லண்டனுக்கு 73 நாளில் ஓட்டிவந்திருக்கிறார். கரையில் அருங்காட்சியகமான பிறகு 2007-இல் தீப்பிடித்தது; பழுதுபார்த்து 2012-இல் மறுபடி திறந்தார்கள்.

இப்போது கப்பலைத் தரையிலிருந்து மூன்று மீட்டர் தூக்கி நிறுத்தியிருப்பதால் அடியிலேயே நடக்கலாம். பொன்னிறத் தகடு போர்த்திய வயிற்றைத் தடவியபடி பின்பக்கம் போய்ச் சுக்கானுக்குக் கீழே நின்றேன். என்னைவிடப் பல மடங்கு உயரம். இதையா ஆடும் கப்பலில், அலைக்கு நடுவே, கயிற்றில் இறக்கி மாட்டினார்கள்? பாதுகாவலர் வந்து நகரச் சொல்லும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.