குன்றக்குடி ரோட்டில்

ஜனவரி 9, 2024

பிள்ளையார்பட்டி போய்விட்டுத் திரும்பும்போது, குன்றக்குடி தாண்டி ஒரு பைக் சாய்ந்து கிடந்தது. கட்டட வேலைக்கு வந்த ஒடிசாப் பையன். சுற்றிலும் பத்துப் பேர். "போலீஸ் கேஸ்ணே, தொடாதீங்க" என்றார் ஒருவர். நானும் இன்னொருவரும் கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். முதலில் போன தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். அங்கேயே அரைமணி நேரம் போய்விட்டது. அப்புறம்தான் 108-க்கு அடித்தேன்.

வந்த மருத்துவ உதவியாளர் பெண் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "தூக்கும்போது கழுத்து அசையாம தலையை யாராவது பிடிச்சீங்களா அண்ணே?" யாரும் பிடிக்கவில்லை.

ஜனவரி 10

தூக்கமே இல்லை. காரைக்குடி அரசு மருத்துவமனையில் அவனுக்குச் சிவப்பு அடையாளம் போட்டார்கள். வரிசைப்படி இல்லை, உயிருக்கு ஆபத்து யாருக்கு அதிகமோ அவருக்கே முதல் இடம். அடுத்து மஞ்சள், பச்சை. தலையில் அடி என்பதால் ராத்திரியே மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை நினைத்தால்தான் நான் தொலைத்த அரைமணி நேரம் உறுத்துகிறது.

ஜனவரி 11

மேஸ்திரி மதுரையிலிருந்து பேசினார். "ஊர் வேற, காப்பீட்டு அட்டையும் இல்ல. எவ்வளவு ஆகும்ணே?" ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்றேன். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட தொகை வரை இலவசம். எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ஜனவரி 13

போலீஸ் பயத்துக்கும் இடமில்லை. 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 134ஏ பிரிவாகச் சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அன்று சுற்றி நின்ற பத்துப் பேரும் கெட்டவர்கள் இல்லை. இது தெரியாதவர்கள்.

ஜனவரி 16

பையன் கண் விழித்து அம்மாவோடு போனில் பேசினானாம்.

ஜனவரி 18

பழனிக்கு நடப்பவர்கள் இந்த ரோட்டில்தான் போகிறார்கள். நீர்மோர் கொடுக்கும் ஆச்சியிடம் சொன்னேன்: யாருக்காவது அடிபட்டால் முதலில் 108, வண்டி வரும்வரை தலையை அசைக்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். "எப்படிப் பிடிக்கணும், காட்டுப்பா" என்றார். பேரனைத் திண்ணையில் படுக்கவைத்து, இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினேன்.