உறைபனிக் காலத்தில் எங்கள் ஜெனரேட்டர் டீசலுக்கு வந்த கோளாறு

இலங்கையின் நுவரெலியா மலையில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரி ஒன்றில் நான் ஃபிட்டர். எங்கள் ஜெனரேட்டர் விடியற்காலையில் மட்டும்தான் சண்டித்தனம் செய்யும். ஜனவரி, பெப்ரவரியில் இங்கே புல்லில் வெள்ளையாக உறைபனி படியும், கொழுந்து கருகும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் எஞ்ஜின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச நேரம் ஓடி, வேகம் இறங்கி, அப்படியே நின்றுவிடும். பறித்த கொழுந்தைக் காற்றடித்து வாட்டும் தொட்டியில் காற்று நின்றால் கொழுந்து சூடேறிச் சிவக்கத் தொடங்கும். அப்படிப்பட்ட தேயிலை ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்பது தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயாவின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஃபில்டரை மாற்றினோம். அடுத்த விடியலிலும் அதே கதைதான். ஆனால் வெயில் ஏறியதும், யாரும் எதையும் தொடாமலே, எஞ்ஜின் ஜோராக ஓடியது. எனக்கு வழிகாட்டியது இதுதான். அழுக்கு அடைத்திருந்தால் பத்து மணி வெயிலுக்கு அது ஏன் விலகப்போகிறது?

பழைய ஃபில்டரை வாளால் அறுத்துப் பார்த்தேன். காகித மடிப்புகளுக்கு நடுவே வெண்மஞ்சள் பசை. விரலில் எடுத்துத் தேய்த்ததும் உருகி எண்ணெயாகிவிட்டது. நுவரெலியா வீடுகளில் காலையில் போத்தலுக்குள் தேங்காய் எண்ணெய் கட்டிதட்டி நிற்குமே, அதே சங்கதி. மெழுகு!

டீசலில் பாரஃபின் மெழுகு இயல்பாகவே உண்டு. நன்றாக எரிய உதவுவதால் சுத்திகரிக்கும்போது முழுவதையும் எடுத்துவிடுவதில்லை. குளிர ஆரம்பித்ததும் டீசல் முதலில் மங்கும். பிறகு மெழுகு சிறு தகடுகளாகித் திரண்டு ஃபில்டரை மூடும். டீசலே உறைந்து நிற்பது அதற்கும் கீழான குளிரில்தான். அதனால் தாங்கியில் டீசல் தளதளவென்று இருக்கும்போதே எஞ்ஜின் பட்டினி கிடக்கும். இதை அளக்க ஆய்வுகூடத்தில் ஒரு சோதனை இருக்கிறது. டீசலைப் படிப்படியாகக் குளிரவைத்து 45 மைக்ரோன் வலையூடாக உறிஞ்சுவார்கள். 60 செக்கனில் 20 மில்லிலீற்றர் ஏறாவிட்டால் அந்த வெப்பநிலையிலேயே டீசல் தோற்றது. இந்தியத் தரத்தில் இந்த எல்லை கோடைக்கு 18 பாகை செல்சியஸ், குளிர்காலத்துக்கு 6 பாகை. சூட்டு நாட்டுக்கென்று வடிக்கும் டீசலுக்கு எங்கள் மலையின் ஜனவரி விடியல் கணக்கிலேயே இல்லை.

குவைத்தில் எண்ணெய்க் குழாய் வேலை பார்க்கும் மச்சானிடம் ஃபோனில் சொன்னேன். சிரித்தான். "எங்க தொழிலே இதுதான்டா. சூடு காட்டினா கரையுதா இல்லையான்னு முதல்ல பாரு. மருந்தெல்லாம் பொறகு வாங்கலாம்" என்றான். மெழுகு சூட்டுக்குக் கரையும். கச்சா எண்ணெயிலிருந்து படியும் அஸ்ஃபால்டீன் என்ற கருப்புப் படிவு சூட்டுக்கு மசியாது, டொலுயீன் மாதிரிக் கரைப்பான் வேண்டும். சுண்ணாம்புப் படிவு அமிலத்துக்கு விட்டுக்கொடுக்கும், பேரியம் சல்பேற்றுப் படிவு அதற்கும் அசையாது. குழாய்க்குள் 'பிக்' என்ற சுரண்டியை ஓட்டி மெழுகை வழித்தெடுப்பதையும் சொன்னான். ராஜஸ்தானில் 2009இல் உற்பத்தி தொடங்கிய மங்களா எண்ணெய் வயலின் கச்சா எண்ணெய் 40 பாகைச் சூட்டிலேயே இறுகிவிடுமாம். 600 கிலோமீற்றருக்கும் மேல் குழாயைச் சூடாகவே வைத்துக் கொண்டுபோகிறார்கள். எங்கள் குழாய் ஃபெக்டரிச் சுவரோரம் போகும் துண்டுக் குழாய்தான்.

தாங்கியின் மேலிருந்து ஒரு போத்தல், அடி வால்வைத் திறந்து ஒரு போத்தல் பிடித்தேன். மேல் டீசலை ஐஸ் தண்ணீரில் வைத்து தெர்மாமீட்டர் போட்டால், பத்துப் பாகைக்குச் சற்று மேலேயே மங்கியது. சுடுதண்ணீருக்கு மாற்றியதும் கண்ணாடியாகத் தெளிந்தது. அடிப் போத்தல் வேறு கதை. கீழே தண்ணீர், மேலே டீசல், இரண்டுக்கும் நடுவில் பழுப்பு நிறப் பாசிப்படலம். சூடாக்கியும் அது போகவில்லை. தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர் வளர்ந்தால் இப்படித்தான் ஆகும். கேட்டது ஒரு நோய்க்கு, கிடைத்தது இரண்டு.

அடிக்கசடை வடித்துத் தாங்கியைக் கழுவினோம். கசடு பீப்பாவில் அடைபட்டு, கழிவு ஒயில் எடுப்பவர்களிடம் போனது. ஓடையில் ஊற்றினால் கீழே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் பிள்ளைகள்தான் குடிக்கும். மெழுகுக்கு, ஜெனரேட்டர் அறைக்குள் சிறு தாங்கி ஒன்று வைத்து, வெளிக் குழாய்க்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றினோம். எனக்குப் பெருமை அடுத்த வேலையில்தான். எஞ்ஜினிலிருந்து திரும்பும் சூடான டீசல் அதுவரை வெளித் தாங்கிக்கே போய் வீணாகக் குளிர்ந்தது. அதை உள்தாங்கிக்குத் திருப்பிவிட்டோம். எஞ்ஜின் ஓட ஓடத் தன் சாப்பாட்டைத் தானே சுடவைத்துக்கொள்கிறது. இந்தக் கொஞ்சக் குழாய்க்கு நிர்வாகத்தில் ஒப்புதல் வாங்கியதுதான் மொத்த வேலையிலும் நீளமான பகுதி.

இடையில் தம்பி ஒருவன் பந்தம் கொளுத்திக் குழாயைச் சுடப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். சாக்கைச் சுற்றிச் சுடுதண்ணீர் ஊற்றினால் போதும். மெழுகு எதிர்ப்பு மருந்து விற்கவும் ஒருவர் வந்தார். அது படிகத்தின் வடிவத்தை மாற்றும், ஏற்கனவே இறுகியதைக் கரைக்காது, மங்குமுன்பே கலக்க வேண்டும். அடைத்த பிறகு ஊற்றினால் காசுக்குக் கேடு. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழி உண்டு, ஆனால் பம்புக்கு வழுவழுப்புக் குறையும். 2022இல் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதோடு அந்த ஆசையும் ஓய்ந்தது.

அதன் பிறகு வந்த உறைபனியில் ஜெனரேட்டர் நிற்கவில்லை. திருப்பிவிட்ட குழாயின் கிளாம்ப் மட்டும் லேசாகக் கசிகிறது, புதிசு கேட்டு எழுதியிருக்கிறேன்.