மாகாணத்தை முதலில் முடிவு செய்திருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும்

கனடாவுக்குக் குடிபெயர நினைப்பவர்கள் முதலில், மதிப்பெண் வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குடிவரவு முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தங்கள் மதிப்பெண்ணைக் கணக்குப் போடுகிறார்கள். எந்த மாகாணத்தில் இறங்குவது என்பதை விமானச் சீட்டு எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதற்கு நாங்கள் கொடுத்த விலை, 2022ஆம் ஆண்டு முழுவதும். 2024 அக்டோபரில் நோவா ஸ்கோஷியா மாகாணத் தலைநகரான ஹாலிஃபாக்ஸில் வந்து இறங்கிவிட்டோம், வேலையும் கிடைத்துவிட்டது என்றாலும், அந்த ஓராண்டை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 9 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள். என் கணவர் தூத்துக்குடியில் ஓர் ஆலையில் அளவீட்டுக் கருவிகளைப் பராமரிக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் டெக்னீஷியன். கனடா என்று பேச்செடுத்ததுமே ஒன்டாரியோ மாகாணத்து ஸ்கார்பரோவில் இருக்கும் மதினி, "இங்க வந்திருங்க தாயி, கறிவேப்பிலையில இருந்து கோயில் வரைக்கும் எல்லாம் நடந்து போற தூரத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவே இல்லை. தமிழர்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு இருக்கிறது என்ற மூன்று காரணங்களை வைத்து ஒன்டாரியோ என்று முடிவு செய்துவிட்டோம். என் செவிலியர் பதிவை அங்கே எப்படிப் பெறுவது, அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்ற கேள்வியை நாங்கள் கேட்கவில்லை.

கனடாவில் செவிலியர் பதிவு மாகாணத்தின் கையில் இருக்கிறது. நிரந்தர வசிப்புரிமை அட்டை கையில் இருந்தாலும், அந்த மாகாணத்து ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு இல்லாமல் நோயாளியின் அருகில் செவிலியராக நிற்க முடியாது. அப்போது எனக்குக் கிடைத்த தகவலின்படி, தேசியச் செவிலியர் மதிப்பீட்டுச் சேவையான என்.என்.ஏ.எஸ். வழியாகச் சென்றேன். அதன் விதி தெளிவானது: படித்த கல்லூரி, வேலை பார்த்த இடம், பதிவு வைத்திருக்கும் செவிலியர் மன்றம் ஆகிய மூன்றும் தங்கள் படிவங்களை நேரடியாக அனுப்ப வேண்டும், அவை விண்ணப்பதாரரின் கை வழியாகப் போகக் கூடாது.

நான் படித்த கல்லூரியின் அலுவலகத்துக்கு அந்தப் படிவத்தோடு 5 முறை போய்வந்தேன். அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. மருத்துவ-அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம் என்று 5 பிரிவுகளுக்கும் வகுப்பறை நேரம் எவ்வளவு, நோயாளிகளோடு செலவிட்ட பயிற்சி நேரம் எவ்வளவு என்று தனித்தனியாக நிரப்ப வேண்டும். எழுத்தர் 5 வரிசைகளையும் ஒரு பெரிய வளைகோட்டால் பிணைத்து, பக்கத்தில் ஒரே மொத்தத்தை எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பிரித்து எழுத வேண்டும் என்று சொன்னதற்கு, "ஏம்மா, இதுவரைக்கும் வெளிநாடு போன பிள்ளைங்க யாரும் இப்படிக் கேட்டதில்லையே" என்றார். உறையை ஒட்டி என் கையிலேயே கொடுத்து, கொரியரில் நீங்களே போட்டுவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டார். அனுப்புநர் இடத்தில் என் பெயரை எழுதி அனுப்பினேன். ஏற்கப்படவில்லை. அனுப்பியவர் விண்ணப்பதாரர், அட்டவணையும் நிரம்பவில்லை. இரண்டுமே நியாயமான காரணங்கள்தாம். திரும்ப முதலிலிருந்து தொடங்கியபோது எழுத்தர் விடுப்பில் இருந்தார், பிறகு தேர்வுக் காலம் வந்தது. இப்படியே ஆண்டு முடிந்தது.

இதே வேலையில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாடத்திட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், எந்தப் பிரிவுக்கு எத்தனை மணி நேரம் என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் சரிபார்த்துப் படிவத்தில் ஏற்றினால் போதும். கொரியர்க்காரரைக் கல்லூரிக்கே வரவழைத்து, அனுப்புநர் இடத்தில் கல்லூரியின் பெயரையும் முகவரியையும் எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்காகக் கல்விச் சான்று மதிப்பீட்டுக்கு அனுப்பியபோது இப்படித்தான் செய்தேன். ஒரே தடவையில் முடிந்தது.

2023இல் உடன் படித்த தோழி ஒருத்தி தொலைபேசியில் சொன்ன செய்தி எங்கள் போக்கை மாற்றியது. இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 7 நாடுகளில் பதிவு பெற்ற செவிலியர்களுக்கு நோவா ஸ்கோஷியா மாகாணம் விரைவு வழி ஒன்றைத் திறந்திருந்தது. நான் ஓராண்டாக அலைந்த நீண்ட சான்று மதிப்பீடு அதில் தேவையில்லை. செவிலியர் உரிமத் தேர்வான என்-கிளெக்ஸில் தேறியிருக்க வேண்டும் என்பதே பெரிய நிபந்தனை. நோவா ஸ்கோஷியா எங்கே இருக்கிறது என்பதை அன்று இரவுதான் வரைபடத்தில் தேடிப் பார்த்தோம்.

அதன் பிறகுதான் உண்மையாகவே ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினோம். ஒப்பீட்டிலும் முதலில் தவறான இடத்திலேயே நேரத்தைச் செலவிட்டோம். ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, மத்திய அரசின் 5 விழுக்காடு மட்டுமே, ஒன்டாரியோவில் 13, நோவா ஸ்கோஷியாவில் அப்போது 15 (2025 ஏப்ரலில் அது 14 ஆகிவிட்டது). இந்த எண்களை வைத்து என் கணவர் நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதினார். ஆனால் வரி வேறுபாட்டால் ஓராண்டில் மிச்சமாகும் தொகையைக் காட்டிலும், வந்திறங்கிய நாளிலிருந்து முதல் சம்பளம் வரும் நாள் வரை கையிருப்பிலிருந்து கரையும் தொகை மிகப் பெரியது. இதை உணர்ந்தபோது அந்த நோட்டை மூடிவிட்டு ஒரே கேள்வியை எழுதிக்கொண்டோம்: நம் இருவரில் ஒருவருக்காவது சொந்தத் தொழிலில் முதல் சம்பளம் எந்த மாகாணத்தில் எத்தனை மாதத்தில் வரும்?

அந்தக் கேள்விக்கு விடை தேட மிகவும் உதவியது கனடா அரசின் ஜாப் பேங்க் தளம். ஒரு தொழிலுக்கு அடுத்த சில ஆண்டுகளில் வாய்ப்பு எப்படி இருக்கும் என்பதை மாகாண வாரியாக மட்டுமல்லாமல், மாகாணத்துக்குள் வட்டார வாரியாகவும் தரம் பிரித்துக் காட்டுகிறது. பலர் மாகாணத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஹாலிஃபாக்ஸுக்கும் அதே மாகாணத்தில் இருக்கும் கேப் பிரெட்டனுக்கும் ஒரே தொழிலில் எவ்வளவு வேறுபாடு இருக்கக்கூடும் என்பதைக் கட்டாயம் பாருங்கள். அதோடு, ஒரு மாதம் முழுவதும் தினமும் இரவில் மூன்று மாகாணங்களின் பொது மருத்துவமனை வேலை அறிவிப்புகளைப் படித்து, எந்தப் பிரிவுக்கு ஆள் கேட்கிறார்கள், நிரந்தர வேலையா தற்காலிக வேலையா என்று குறித்து வைத்தேன். தற்காலிக அறிவிப்புகள் நிறைய இருக்கும் ஊர், குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஏற்ற ஊர் அல்ல.

என் கணவரின் தொழிலுக்கு விடை நேர் எதிராக இருந்தது. எண்ணெய், எரிவாயு ஆலைகள் நிறைந்த ஆல்பர்ட்டாவில்தான் அவர் தொழிலுக்கு மதிப்பு. ஃபோர்ட் மெக்மரி பக்கம் கிடைக்கும் ஊதியத்தை ஹாலிஃபாக்ஸில் எதிர்பார்க்க முடியாது. இந்த இடத்தில் எங்களுக்குள் பல நாள் விவாதம் நடந்தது. என் தொழில் பதிவுக்குக் கட்டுப்பட்டது, அவருடைய தொழிலுக்கு மாகாணங்களுக்கு இடையே செல்லுபடியாகும் ரெட் சீல் சான்று இருக்கிறது; ஆகவே, கட்டுப்பட்டவர் எங்கே விரைவில் வேலை தொடங்க முடியுமோ அங்கே போவது, மற்றவர் பிறகு சரிசெய்துகொள்வது என்று அவரே முடித்து வைத்தார். அட்லாண்டிக் மாகாணங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் பகுதிகளுக்கு விமானத்தில் போய், சில வாரங்கள் முகாமில் தங்கி வேலை செய்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்பதும் எங்களுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது.

மகளுக்கு அப்போது 3 வயது. நோவா ஸ்கோஷியாவில் 4 வயதுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலேயே கட்டணமில்லாத முன்தொடக்க வகுப்பு உண்டு என்பது தராசை இன்னும் கொஞ்சம் சாய்த்தது. 12 மணி நேரப் பணிக்குப் போகும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். செவிலியர் பதிவை மனத்தில் வைத்து முன்னரே எழுதியிருந்த ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் ஆங்கிலத் தேர்வைக் குடிவரவுத் துறை ஏற்காது. ஜெனரல் தேர்வுக்கு மறுபடியும் பணம் கட்டினேன். சென்னையில் என்-கிளெக்ஸ் எழுதினேன். குறைந்தது 85 கேள்விகள், அதிகம் போனால் 150. எனக்கு 85ஆவது கேள்வியோடு திரை நின்றுவிட்டது; தேறினேனா, தவறினேனா என்று தெரியாமல் எழும்பூரிலிருந்து திருநெல்வேலி வரை தூங்காமல் வந்த அந்த இரவும், தேறிய செய்தியைப் பார்த்த காலையும் மறக்க முடியாதவை. 2024 பிப்ரவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் சுகாதாரத் துறைப் பிரிவில், விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தது. மூன்று பேர் குடும்பத்துக்கு 21,055 கனடிய டாலர் கையிருப்பைக் காட்ட வேண்டியிருந்தது. வங்கிக் கடிதத்தில் 6 மாதச் சராசரி இருப்பு இருக்க வேண்டும் என்பதைக் கிளை மேலாளருக்குப் புரியவைக்கவே 3 நாள் ஆயிற்று. இப்போது கேட்கப்படும் தொகை இதைவிட அதிகம்.

ஒரு மாகாணமே தனக்கு வேண்டியவர்களைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் மாகாண நியமனம் வழியாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 600 மதிப்பெண் தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த மாகாணத்தில் வாழும் எண்ணம் இருக்கிறது என்று உறுதி சொல்லித்தான் அதைப் பெறுகிறீர்கள். வேலை இல்லாத மாகாணத்தின் நியமனத்தை மதிப்பெண்ணுக்காக வாங்கிவிட்டு, இறங்கியவுடன் டொரான்டோவுக்குப் பேருந்து ஏறலாம் என்று திட்டமிடாதீர்கள். அதைவிட மோசமானது, வேலை உத்தரவு வாங்கித் தருவதாகச் சொல்லி நம் ஊர்களில் பல லட்சம் கேட்கும் முகவர்கள். 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை உத்தரவுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. அதை மறைத்து இன்றும் விற்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் நகையை அடகு வைத்திருக்கிறது.

ஹாலிஃபாக்ஸில் எங்களுக்குப் பெரிய அடி வீட்டில்தான் விழுந்தது. இங்கே 2023 வரை காலியாகக் கிடந்த வாடகை வீடுகள் 100க்கு 1 என்ற அளவில்தான் இருந்தன. கிடைத்த வீட்டை விட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தில், ஒப்பந்தப் படிவத்தை முழுவதும் படிக்காமல் கையெழுத்திட்டோம். அந்தப் படிவத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது: குடித்தனம் ஆண்டுக்கு ஆண்டு தொடர்வதா, மாதத்துக்கு மாதம் தொடர்வதா, குறிப்பிட்ட தேதியோடு முடிவதா என்று. எங்கள் ஒப்பந்தத்தில் மூன்றாவதற்கு எதிரே குறியிடப்பட்டிருந்தது. மாகாணத்தில் வாடகை உயர்வுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. ஆனால் அது இருக்கும் குடித்தனக்காரருக்குத்தான். தேதி முடிந்ததும் வெளியேற்றிவிட்டுப் புதியவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். எங்களுக்கு நடந்தது அதுதான். காலி செய்த வீட்டின் படங்களை, எங்கள் திரைச்சீலை தொங்கிய அதே சன்னலோடு, அதிக வாடகைக்கு விளம்பரத்தில் பார்த்தேன். இங்கே முன்பணமாக அரை மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவில் கடன் வரலாறு இல்லை என்று காரணம் சொல்லி 6 மாத வாடகையை மொத்தமாகக் கேட்ட வீட்டுக்காரரையும் நாங்கள் சந்தித்தோம்.

குடும்ப மருத்துவர் இன்னும் கிடைக்கவில்லை. மக்கள்தொகை 10 லட்சத்தைச் சற்றே தாண்டிய இந்த மாகாணத்தில், குடும்ப மருத்துவருக்காகக் காத்திருப்போர் பட்டியல் 2024இல் ஒன்றரை லட்சம் பேரைத் தாண்டியது. செவிலியராக எனக்கு எளிதில் வேலை கிடைத்ததற்கும், என் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் அல்லாடுவதற்கும் காரணம் ஒன்றே: ஆள் பற்றாக்குறை. வேலை வாய்ப்பு மிக நன்று என்று ஒரு துறையைப் பற்றி எழுதியிருந்தால், அந்தத் துறையின் சேவையைப் பெறுபவராக உங்கள் நிலைமை என்ன என்பதையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள். வந்த வாரமே மாகாணத்தின் சுகாதாரத் தொலைபேசி எண்ணான 811ஐ அழைத்து அந்தப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

குளிர் நாங்கள் அஞ்சிய அளவுக்கு இல்லை. கடலோர ஊர் என்பதால் ரெஜைனா, வினிபெக் போல மைனஸ் 40க்குப் போவதில்லை. உறைமழைதான் கொடுமை, விழும்போது மழையாக இருப்பது தரையைத் தொட்டதும் கண்ணாடியாகிவிடுகிறது. ஞாயிறு காலை 7 மணிப் பணிக்கு எங்கள் பகுதியிலிருந்து பேருந்து கிடைக்காததால், கார் ஓட்ட உரிமம் வாங்கும் வரை வாடகைக் காருக்கே சம்பளத்தில் ஒரு பங்கு போயிற்று.

தமிழ் என்று பார்த்தால் இழப்புதான். இட்லி அரிசி கிடைக்கிறது, நண்பர்கள் சில குடும்பங்கள் இருக்கிறார்கள். ஆனால் மதினி பிள்ளைகள் போல் வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ எழுதும் வாய்ப்பு என் மகளுக்கு இல்லை. சனிக்கிழமைதோறும் அம்மா திருநெல்வேலியிலிருந்து காணொளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். 1986 ஆகஸ்டில் ஈழத்தமிழர் 155 பேர் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தபோது அவர்களை மீட்டவர்கள் இதே அட்லாண்டிக் கரையான நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். பணியிடத்தில் அந்தக் கதையைத் தெரிந்த முதியவர் ஒருவர், நான் தமிழ் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் கணவர் இப்போது மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். ஆல்பர்ட்டா ஊதியத்துக்கு இது ஈடாகாது; அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரெட் சீல் தேர்வில் தேற 70 விழுக்காடு வேண்டும். அதை எழுதத் தேவையான, அவருடைய வேலை நேரத்தை மணிக்கணக்கில் குறிப்பிட்ட கடிதம் தூத்துக்குடி ஆலையிலிருந்து போன வாரம்தான் வந்து சேர்ந்தது. கடிதத்தை அனுப்பியவர் ஆலை நிர்வாகம், உறையின் மேல் ஆலையின் முகவரி. அதை மட்டும் முதல் தடவையே சரியாகச் செய்யச் சொல்லிவிட்டோம்.