இரண்டாயிரம்தானே

2024 தொடக்கத்தில் ஆன்லைன் போக்கர் ஆடித்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது-நூறு மேசை, அதாவது சீட்டு வருமுன்னே இரண்டு பேர் கட்டாயமாக வைக்க வேண்டிய ‘பிளைண்ட்’ ஐம்பது ரூபாயும் நூறு ரூபாயும். ஒரு தடவை உட்காரப் பத்தாயிரம். முப்பது தடவை உட்காரப் பணம் இல்லையென்றால் கீழ் மேசைக்குப் போய்விட வேண்டும் என்று நானே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எட்டு லட்சம் இரண்டே முக்கால் ஆனபோது, அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே மூன்று வாரம் பிடித்தது.

இறங்கியது பத்து-இருபது மேசைக்கு. உட்கார இரண்டாயிரம். முதல் ராத்திரி, என் கையில் ராஜாவும் ராணியும். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ராஜா, ஒன்பது, நாலு, ஏழு, கடைசியாக ரெண்டு. நான் பந்தயம் கட்ட, அதுவரை பொத்திப் பொத்தி ஆடியவன் மொத்தத்தையும் தள்ளினான். அப்படிப்பட்டவன் கடைசிச் சீட்டில் ஏற்றினால் பொய்யாக இருக்காது. மேல் மேசையாக இருந்தால் சீட்டைப் போட்டுவிட்டு விலகியிருப்பேன். இங்கே ‘இரண்டாயிரம்தானே’ என்று விரல் தானாக அழுத்திவிட்டது. அவனிடம் ஒன்பதும் ஏழும். என் ஒரு ஜோடிக்கு எதிரே இரண்டு ஜோடி.

அந்தத் ‘தானே’தான் ஆளைத் தின்கிறது. மறுநாளே திரையில் ரூபாயை எடுத்துவிட்டு பிளைண்ட் கணக்குக்கு மாற்றினேன். நூறு பிக் பிளைண்ட் (இரண்டில் பெரியது) எந்த மேசையிலும் நூறுதான். அப்புறம், சின்ன மேசையில் பிளஃப் அடிப்பது, அதாவது நல்ல சீட்டு இல்லாமலே பந்தயம் கட்டி மிரட்டுவது, சுவரோடு பேசுகிற மாதிரி. யாரும் சீட்டைப் போட மாட்டார்கள். நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்தால் முழு விலை வாங்க வேண்டும். அலுப்பான வேலை. பந்தயத்தில் சேர்கிற பணத்தோடு பார்த்தால் ரேக்கும், அதாவது ஆட்டம் நடத்தும் கம்பெனி எடுத்துக்கொள்ளும் பங்கும், கீழேதான் அதிகம் உறிஞ்சும்.

எங்கள் பாட்டையா ரங்கூனில் வட்டிக்கடை ஏஜெண்டாக இருந்தவர். 1942இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பி, காரைக்குடியில் இன்னொருவர் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தாராம். “அணாவையும் ரெண்டு தரம் கூட்டுவாக” என்பார் அப்பத்தா. நான் ஆடுவது சீட்டு என்று தெரிந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பார். கம்ப்யூட்டரில் ஏதோ கணக்கு வேலை என்று நினைத்திருந்தார்.

ஏழு மாதம் கீழேயே கிடந்தேன். மூன்று லட்சம் சேர்ந்த அன்றும் ஏறவில்லை, மூன்றரை ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து மத்திய அரசின் சட்டம் வந்து மேசைகளே மூடப்பட்டன.

இப்போது தேவகோட்டையில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். போன வாரம் கல்லாவில் பதினாலு ரூபாய் உதைத்தது. “பதினாலுதானே, போகட்டும் தம்பி” என்றார் முதலாளி. சரி என்றுதான் சொன்னேன். காரைக்குடிக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு பில்லை முதலிலிருந்து கூட்டினேன்.