வயிற்று மாத்திரை

மார்ச் 4
இவருடைய பல் பிரஷ் இன்றும் காய்ந்துதான் கிடந்தது.

மார்ச் 6
மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க 9 கேள்விகள் உள்ள தாள். கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 27. இவருக்கு 19. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா. பேனா அங்கே நின்றது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1 என்று வட்டம் போட்டார். 11 வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறேன். அந்த 1 எனக்குத் தெரியாது.

மார்ச் 7
மனச்சோர்வுக்கு மாத்திரை, எஸ்சிட்டலோபிராம், 10 மி.கி. முதலில் குமட்டுமாம். பலன் தெரியச் சில வாரம் ஆகுமாம். நடுவில் நாமாக நிறுத்தக் கூடாதாம்.

மார்ச் 9
அத்தை போன். "அவன் குரலே சரியில்லையேம்மா?"
"வயிறு சரியில்லை அத்தை, மாத்திரை சாப்பிடுறார்."
யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

மார்ச் 10
ஏன் வயிறு? சர்க்கரை மாத்திரையைப் பத்துப் பேர் நடுவில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இதற்கு மட்டும் நான் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு எடுத்துக் கொடுக்கிறேன். இவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி புரண்டு புரண்டு பார்த்ததில் அது பொய். "இவ என்ன பண்ணினாளோ, பிள்ளை இப்படி ஆயிட்டான்." அந்த ஒரு வரிக்குத்தான் பயம். இன்னும் யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்கிறது.

மார்ச் 14
மூன்றரைக்கே விழித்துவிடுகிறார். நானும். பகலில் கத்திவிட்டேன், ஒரு டம்ளரையாவது எடுத்து வைக்கக் கூடாதா என்று. எடுத்துப் போனார். சிங்க்கில் வைத்துவிட்டு, குழாயைத் திறக்காமல் அதன் முன்னாலேயே நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. டம்ளரை நான் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

மார்ச் 15
தொட்டால் விலகுகிறார். நோயும் ஆசையைக் குறைக்கும், மாத்திரையும் குறைக்கும் என்றார் டாக்டர். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்குமா என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 17
பிரஷ் ஈரம்! சும்மா நனைத்து வைத்திருப்பாரோ என்று பேஸ்ட் ட்யூபை வேறு எடுத்துப் பார்த்தேன். துப்பறியும் பெண்டாட்டி.

மார்ச் 18
காய்ந்திருந்தது.

மார்ச் 20
அந்த 1 பற்றிக் கேட்டேன். கேட்டால் நாமே எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று இத்தனை நாள் பயம். அப்படியெல்லாம் ஆகாது, நேராகவே கேளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இப்போ இல்லை" என்றார். அந்த 'இப்போ'வைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 22
அட்டையின் பின்பக்கம் மருந்துப் பெயர் சுரண்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும், பொறுமையாக. எழுந்து பல் தேய்க்க முடியாத மனுஷன் இதற்கு மட்டும் உட்கார்ந்திருக்கிறார். நகக்கண்ணில் வெள்ளித் தூள்.
"எதுக்கு?"
"அம்மா வர்றாங்க. நீ வயிறுன்னுதானே சொல்லியிருக்கே."

மார்ச் 24
அத்தை வந்தாச்சு. பையைக்கூட இறக்கவில்லை. "வயிறு எப்படிடா இருக்கு?"
இவர் என்னைப் பார்த்தார்.