குழிக்குள் இருக்கும் ரத்தத்தைத் துப்பாதீர்கள்

பல் பிடுங்கப் போகிறவர்கள் பயப்படுவதெல்லாம் ஊசிக்கும் குறட்டுக்கும்தான். உண்மையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. கெடுவது வீட்டுக்கு வந்த பிறகு, முதல் 24 மணி நேரத்தில். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல் டாக்டர்களுக்குக் குறைவில்லை. அரசு ஆஸ்பத்திரிகளிலும் பல் பிரிவு இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே திறந்துவிட்டார்கள். எங்கே போய்ப் பிடுங்கினாலும், குழியில் உறையும் ரத்தத்தைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.

அதற்கு முன், அந்தப் பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஈறுக்குக் கீழே உடைந்துபோன பல், வேர் நெடுக விரிசல் விட்ட பல், விரலால் தொட்டாலே எல்லாப் பக்கமும் ஆடுகிற பல், அடிக்கடி வீங்கிச் சீழ் வைக்கிற ஞானப்பல் என்றால் எடுப்பதுதான் சரி. வெறும் சொத்தை, வெறும் வலி என்றால் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து பல்லை வைத்துக்கொள்ள வழி இருக்கும். “தொல்லை விட்டது, பிடுங்கிப் போடுங்க” என்று டாக்டரை அவசரப்படுத்துவது நம் ஊர்ப் பழக்கம். அந்த அவசரத்துக்கான செலவு பின்னால் வரும்.

எடுப்பது என்று முடிவானால் எக்ஸ்ரே கட்டாயம். வேர் நேராக இருக்கிறதா, கொக்கி போல வளைந்திருக்கிறதா, கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். கீழ் ஞானப்பல்லின் வேர் நரம்பை ஒட்டியிருந்தால், பல்லை எடுத்த பிறகு உதடும் முகவாயும் சில வாரமோ சில மாதமோ மரத்தே இருக்கலாம். அபூர்வமாக அப்படியே நின்றும்விடும். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. வீட்டில் அப்பத்தாவோ ஐயாவோ போகிறார்கள் என்றால், மாத்திரைப் பெயர்களை ஒப்பிக்கச் சொல்லாமல் மாத்திரை டப்பாவையே கையில் கொடுத்து அனுப்புங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் போன்றவற்றைப் பல் பிடுங்குவதற்காகத் தாமாக நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அது தப்பு. ஈறிலிருந்து கொஞ்சம் கூடுதலாகக் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்தோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம். இதய ரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் போடுகிறவர்கள் மட்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பல் எடுப்பதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்து, அந்தச் சீட்டோடு போக வேண்டும். 4-க்குக் கீழே இருந்தால் சாதாரணமாகப் பல் எடுக்கலாம் என்பது பொது வழக்கம்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவர்களும், வருஷத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல் டாக்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அந்த மருந்துகள் தாடை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதைத் தடுக்கும். பல் எடுத்த குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிந்துகொண்டே இருக்கும் ஆபத்து அதனால் உண்டு. இதய வால்வு மாற்றியவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டினால் அன்றைக்குப் பல்லைத் தொடமாட்டார்கள். திரும்பி வர வேண்டியதுதான்.

சர்க்கரை உள்ளவர்கள் காலையில் போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கிருத்திகை, சஷ்டி என்று விரதம் இருக்கும் நாளில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் போய் உட்காருவது மயங்கி விழுவதற்கான நேர்வழி. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதுதான். நாற்காலியில் மயக்கம் வருவது பெரும்பாலும் ஊசி மருந்தால் அல்ல, வெறும் வயிறும் பயமும் சேர்வதால்.

பாக்கு போடும் பழக்கம் உள்ளவர்கள் கண்ணாடி முன் நின்று ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் விட முடிகிறதா? பல வருஷம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் நார் போல இறுகி, வாய் திறப்பது சிறுகச் சிறுகக் குறைந்துவிடும். இரண்டு விரல்கூட நுழையாத வாயில் கடைவாய்ப்பல்லை எடுப்பது பெரும்பாடு. அதோடு, அந்த இறுக்கமே தனியாகக் காட்டிப் பார்க்க வேண்டிய நோய். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது.

இனி ஊசி. நம் ஊரில் பொதுவாகப் போடுவது 2 சதவீத லிக்னோகெயின், அதோடு கொஞ்சம் அட்ரினலின். போட்டவுடன் நெஞ்சு படபடவென்று அடித்தால் அது அட்ரினலின் வேலை. சில நிமிஷத்தில் அடங்கும். மேல்பல்லுக்கு அந்தப் பல்லின் பக்கத்திலேயே ஊசி போடுவார்கள், சீக்கிரம் மரத்துவிடும். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குத் தாடையின் பின்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் போட வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல்லைச் சுற்றி எலும்பு கெட்டி, பக்கத்தில் போட்டால் மருந்து உள்ளே ஊறாது. மரக்க ஐந்து முதல் பத்து நிமிஷம் பிடிக்கும். அந்தப் பக்கத்துக் கீழுதட்டில் பாதி தடித்துக் கனத்தது போல இருந்தால்தான் ஊசி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள்.

“எனக்கு மரக்கிற ஊசியே ஏறாது” என்கிறவர்கள் பெரும்பாலும் முகம் வீங்கிய பிறகு போனவர்கள். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மையாக இருக்கும்; அந்த அமிலத்தில் லிக்னோகெயின் நரம்புக்குள் சரியாக நுழைய முடியாது. அதனால்தான் சில டாக்டர்கள் சீழை வடித்து, தேவையென்றால் மருந்து கொடுத்து, சில நாள் கழித்து வரச் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பிடுங்கத் தெரியாமல் இல்லை.

பிடுங்குவது என்று சொல்கிறோமே தவிர, மேலே இழுப்பது அதில் மிகக் குறைவு. முதலில் பல்லைச் சுற்றியுள்ள ஈறைப் பிரிப்பார்கள். பிறகு பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் நெம்பியை விட்டுத் தளர்த்துவார்கள். அப்புறம்தான் குறடு. ஈர மண்ணில் அடித்த முளைக்குச்சியை ஆட்டி ஆட்டிக் குழியை அகட்டி எடுப்போமே, அதே வேலைதான்: வேரை நோக்கி அழுத்திப் பிடித்து, கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் மெதுவாக அசைத்து எலும்பை விரியச் செய்கிறார்கள். மேல் முன்பல்லின் வேர் கூம்பு போல ஒற்றையாக இருப்பதால் அதைத் திருகியும் எடுக்கலாம். இரண்டு மூன்று வேர் உள்ள கடைவாய்ப்பல்லைத் திருகினால் வேர் முறியும்.

இந்த நேரம் முழுக்க அழுத்தம் தெரியும், தாடை ஆடுவது தெரியும், ‘டக்’கென்று சத்தம்கூடக் கேட்கும். ஊசி வலியைத்தான் நிறுத்தும், அழுத்தத்தை நிறுத்தாது. சுருக்கென்ற வலி வந்தால் மட்டும் கையைத் தூக்குங்கள். டாக்டரின் கையைப் பிடிக்க வேண்டாம், கருவி வழுக்கும். வேர் சிகிச்சை செய்த பழைய பல்லும், வளைந்த வேரும் முறிவது சகஜம். முறிந்தால் பல்லை இரண்டாக வெட்டித் தனித்தனியாக எடுப்பார்கள். நரம்புக்குப் பக்கத்தில் சீழில்லாத சின்ன நுனி நின்றுவிட்டால், தோண்டாமல் விட்டுவைப்பதும் உண்டு. அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும், சீட்டிலும் எழுதிவிட வேண்டும்.

பல் வெளியே வந்த நிமிஷத்தில் குழியில் ரத்தம் ஊறும். அது உறைந்து மெத்தென்று நிற்கும் அந்தக் கட்டிதான் மருந்து, அதுதான் எலும்புக்கு மூடி. அதன் மேல்தான் புதுச் சதை வளர வேண்டும். வாயில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்வது அதற்காகத்தான். 45 நிமிஷம் அழுத்திக் கடித்தபடி இருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ரத்தம் நிற்கவே நிற்காது, ஒவ்வொரு தரமும் உறைந்தது பஞ்சோடு பிய்ந்து வரும். பேசாமல் இருப்பதும் முக்கியம், விசாரிக்க வருகிறவர்களிடம் வீட்டார் பதில் சொல்லட்டும்.

“கெட்ட ரத்தம், துப்பிடு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். கெட்ட ரத்தம் என்று ஒன்று அங்கே இல்லை. துப்பும்போது வாய்க்குள் உண்டாகும் இழுப்பு கட்டியைப் பெயர்த்துவிடும். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது, சிகரெட் இழுப்பது, வேகமாகக் கொப்பளிப்பது எல்லாம் அதே இழுப்புதான். எச்சிலை விழுங்கிவிடுங்கள். முதல் நாள் முழுக்க எச்சில் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். ஒரு சொட்டு ரத்தம் எச்சிலில் கலந்தால் வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும். பஞ்சு எடுத்த பிறகும் சிவப்பாக ஒழுகினால், சுத்தமான பஞ்சுத்துணியை நனைத்துப் பிழிந்து, சுருட்டிக் குழியின் மேல் வைத்து இன்னொரு 30 நிமிஷம் கடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள், இரவானால் அரசு ஆஸ்பத்திரிக்கு.

உதடு மரத்திருக்கும் மூன்று நான்கு மணி நேரமும் சூடாக எதுவும் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும், குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். கன்னத்தின் வெளியே துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிஷம் வைத்து, 15 நிமிஷம் எடுத்து, முதல் நாள் மட்டும். வீக்கம் இரண்டாவது நாள்தான் உச்சத்துக்கு வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். தலையை உயர்த்திப் படுங்கள். வலி மாத்திரையை ஊசியின் மரப்பு விடுவதற்கு முன்பே, சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு, குடல் புண், ஆஸ்துமா உள்ளவர்கள் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வீண். சாதாரணமாக எடுத்த பல்லுக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை.

உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்துதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து ஊற விட்டு, தானாக வழிய விடுங்கள். சாப்பிட்ட ஒவ்வொரு தரமும் ஒரு வாரத்துக்கு. மற்றப் பற்களை முதல் நாள் இரவே துலக்கலாம், குழியை மட்டும் விட்டுவிட்டு. கிராம்புத் தைலத்தை நேராகக் குழிக்குள் விடாதீர்கள், ஈறு வெந்துபோகும்.

சாப்பாட்டில் காரம் ஒரு பக்கம், துகள் ஒரு பக்கம். துகள்தான் பெரிய எதிரி. குழைந்த சாதத்தில் தெளிவு ரசம், பாலில் ஊறிய இடியாப்பம், ஊறி மெத்தென்று ஆன பால் பணியாரம், ஆறிய கூழ் எல்லாம் சரி. கவுனி அரிசி எவ்வளவு வெந்தாலும் மேல்தோல் நிற்கும், அதில் தேங்காய்த் துருவல் வேறு. முதல் வாரம் வேண்டாம். வெள்ளைப் பணியாரம் சாப்பிடலாம், தொட்டுக்கொள்ளும் மிளகாய்த் துவையலைத் தள்ளி வைத்துவிட்டு. தேன்குழல், சீப்புச் சீடை எல்லாம் டப்பாவிலேயே இருக்கட்டும். ரசத்தில் தாளித்த கடுகைக்கூட வடிகட்டிவிடுங்கள், அது குழிக்கென்றே அளவெடுத்தது போலப் போய் உட்காரும். வெற்றிலை பாக்கு ஒரு வாரமாவது கூடாது. சுண்ணாம்பு புண்ணைச் சுடும், பாக்குத் தூள் குழியை நிரப்பும். புகையிலை அதைவிட மோசம்.

நாளும் பார்த்துக்கொள்ளுங்கள். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் ஆடுகிற பல்லைத் தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பே எடுத்துவிடலாம். நடை வழியில் குழி வலித்தால் பாடு. பிள்ளையார் நோன்பு நெருக்கத்திலும் வேண்டாம். அன்றைக்கு நெய்யில் தோய்ந்த நூல் திரியான இழையைச் சுடரோடு வாயில் போடுவதும், அதற்குப் பிறகு வரும் பொரி வகைகளும் புதுக் குழிக்கு ஆகாதவை.

கட்டி பெயர்ந்துவிட்டால் என்ன ஆகும்? முதல் இரண்டு நாள் வலி குறைந்துகொண்டே வந்து, இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் திடீரென்று ஏறும். காது வரைக்கும் இழுக்கும், வாய் நாறும், மாத்திரைக்குக் கேட்காது. பார்த்தால் குழி காலியாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். இதை உலர்ந்த குழி என்பார்கள். கீழ்க் கடைவாயில், அதிலும் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் புகைக்கிறவர்களுக்கும் அதிகம். எலும்பு திறந்து கிடப்பதால் வருகிற வலி இது. ஆன்டிபயாடிக்கால் ஆகாது. டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய்ச் சத்து கலந்த மருந்தை வைத்தால் சில மணி நேரத்திலேயே அடங்கத் தொடங்கும். இரண்டு மூன்று தடவை மாற்றி வைக்க வேண்டியிருக்கும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. பார்வை நரம்பு வேறு, மேல்பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. கண்ணை விட்டுவிட்டு மூக்கைக் கவனியுங்கள். மேல் கடைவாய்ப்பல்லின் வேர்கள் மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறையை ஒட்டி நிற்பவை. சில நேரம் நடுவில் ஓட்டை விழும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தால் உடனே சொல்லுங்கள். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள்.

நாக்குக்கு அடியில் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், வாய் திறக்காமல், காய்ச்சலும் அடித்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். மூச்சுக்குழாயை அடைக்கும் வீக்கமாக இருக்கலாம். பல் கிளினிக்குக்கு அல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு 108-ல் போக வேண்டிய நிலை அது.

தையல் போட்டது கரையாத நூலென்றால் ஏழாம் நாள் பிரிப்பார்கள். ஈறு மூன்று நான்கு வாரத்தில் மூடிவிடும். உள்ளே எலும்பு நிரம்ப மூன்று முதல் ஆறு மாதம். ஞானப்பல் தவிர மற்றப் பல்லென்றால், இடைவெளியை அப்படியே விட்டால் பின்னால் இருக்கும் பல் முன்னால் சாயும், எதிர்ப்பல் அந்த இடத்தை நோக்கி இறங்கும் அல்லது எழும்பும். கழற்றி மாட்டும் பல்லா, பக்கத்துப் பற்களைச் செதுக்கிக் கட்டும் பாலமா, எலும்பில் திருகும் இம்பிளான்ட்டா என்பதையும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்பதையும் தையல் பிரிக்கப் போகும் அன்றைக்கே கேட்டு வந்துவிடுங்கள்.